மயக்கவியல் மருத்துவர்: அறுவை அரங்கில் நோயாளியின் வலியின்மைக்கும் பாதுகாப்பிற்கும் பொறுப்பானவர்

அறுவை மருத்துவம் நடைபெறும் நேரம் முழுவதும் நோயாளிக்கு வலி தெரியாதவாறும், அவருடைய மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவை உரிய அளவில் நிலைத்திருக்குமாறும் பார்த்துக்கொள்ளும் சிறப்பு மருத்துவரே மயக்கவியல் மருத்துவர். பேச்சு வழக்கில் இவரை ‘மயக்க டாக்டர்’ என்பர். எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்தபின் மயக்கவியலில் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டமோ பட்டயமோ பெற்றவரே இப்பணியைச் செய்கிறார்.

மயக்க மருத்துவர் ஓர் ஊசியைப் போட்டுவிட்டு வெளியே சென்றுவிடுவார் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அறுவை தொடங்குமுன் அரங்கினுள் நுழைந்து, நோயாளி விழித்துப் பேசும்வரை அவர் தலைமாட்டை விட்டு நகராதவர் இவரே. அறுவை மருத்துவரின் கவனம் அறுக்கும் இடத்தில் இருக்கும். உடலின் மற்ற எல்லாவற்றையும் கவனிப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு.

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள சிறு குன்றிற்கு ஔஷதகிரி, அதாவது மருந்து மலை என்று பெயர். அனுமன் சுமந்துவந்த சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்து உண்டான குன்று அது என்பது தல வரலாறு. அவ்வூர்க் குடும்பம் ஒன்றிற்கு இன்று அறுவை மருத்துவம் தேவைப்பட்டால், அவர்கள் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் செல்கின்றனர். மேல் சிகிச்சை தேவையெனில் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகின்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1985ஆம் ஆண்டு இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று, பின்னர் மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்த நிறுவனமே அது. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் மயக்கவியல் மருத்துவர் உங்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அக்கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன, எதை மறைத்தால் என்ன நேரும் என்பதை விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

அறுவைக்கு முந்தைய மதிப்பீடு

திட்டமிட்ட அறுவையெனில், சில நாள்களுக்கு முன்பே மயக்கவியல் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பார். இரத்தப் பரிசோதனை, இதய வரைபடம் ஆகியவற்றின் முடிவுகளை அவர் ஆராய்வார். ஆனால் பரிசோதனைத் தாள்கள் சொல்லாத பலவற்றை நோயாளியே சொல்ல வேண்டியுள்ளது.

‘வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டுங்கள்’ என்று அவர் கேட்பது தொண்டை வலிக்கான பரிசோதனை அன்று. மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது எளிதாக இருக்குமா, கடினமாக இருக்குமா என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறை அது. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய மல்லம்பட்டி என்னும் மயக்கவியல் மருத்துவர் 1985ஆம் ஆண்டு இதனை விரிவாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே இம்முறை வழங்குகிறது. கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வதும், ஆடும் பல், கட்டுப்பல் உண்டா எனக் கேட்பதும் இதன் தொடர்ச்சியே. ஆடும் பல் கழன்று மூச்சுக்குழலில் விழக்கூடும் என்பதால் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

‘பேருந்தில் சென்றால் உங்களுக்கு வாந்தி வருமா?’ என்ற கேள்வி சிலருக்கு வியப்பளிக்கலாம். பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கும், பெண்களுக்கும், புகை பிடிக்காதவர்களுக்கும் மயக்கம் தெளிந்தபின் குமட்டல் வரும் வாய்ப்பு அதிகம். முன்பே தெரிந்தால் அதற்குரிய மருந்தை அறுவையின்போதே செலுத்திவிடலாம்.

முன்பு எப்போதேனும் மயக்க மருந்து பெற்றதுண்டா, அப்போது ஏதேனும் சிக்கல் நேர்ந்ததா என்பது மிக முக்கியமான கேள்வி. நோயாளிக்கு மட்டுமன்றிப் பெற்றோர், உடன்பிறந்தோருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்குப்பின் நெடுநேரம் மூச்சு திரும்பாமல் இருந்தவர், மயக்கத்தில் திடீரெனக் கடுங்காய்ச்சல் கண்டவர், காரணம் தெரியாமல் அறுவை மேசையிலேயே இறந்தவர் குடும்பத்தில் இருந்தால், அது பரம்பரையாக வரும் குறைபாடாக இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்து பெரும்பாலோரிடம் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களிடம் அதன் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கும். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தினரிடையே இக்குறைபாடு சற்று அதிகமாகக் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சமூகத்தின் பெயரைக் கேட்டால் தவறாக எண்ண வேண்டா. மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காகவே அது கேட்கப்படுகிறது.

அதே நொதி, பூச்சிமருந்தினாலும் குறையும். கரும்பு, நெல், முந்திரி விளையும் கடலூர் மாவட்டத்தில் இதனைத் தனியாகவே சொல்ல வேண்டியுள்ளது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை அடிக்கடி தெளிப்பவர்கள், அண்மையில் கை காலில் பட்டோ மூச்சில் ஏறியோ தலைசுற்றல், வாந்தி கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். ‘மருந்து அடிக்கிறது என் தொழில்தானே, அதை ஏன் சொல்வது’ என்று விட்டுவிடுவோரே மிகுதி. தெரிந்திருந்தால் வேறு மருந்தைப் பயன்படுத்தலாம். தெரியாமல் கொடுக்கப்பட்டாலும் மூச்சு திரும்பும்வரை கருவியின் துணையோடு நோயாளியைக் காக்க இயலும். எனினும் அந்த நீண்ட காத்திருப்பைத் தவிர்ப்பது நல்லது.

பலமுறை தேள் கொட்டியவர்களில் சிலருக்கு மரத்துப்போகும் ஊசி எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று இந்திய மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்துள்ளன. இதன் காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் தேள் கொட்டிய வரலாறு இருந்தால் சொல்லிவைப்பதில் இழப்பொன்றும் இல்லை.

மருந்துகளைப் பொறுத்தவரை, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் செல்வதே சிறந்தது. ‘வெள்ளை மாத்திரை ஒன்று, சிவப்பு ஒன்று’ என்ற விடையால் பயனில்லை. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்கள் மருத்துவர் சொல்லாமல் அவற்றை நிறுத்தவே கூடாது. நீரிழிவுக்கான மாத்திரைகளைப் பொதுவாக அறுவை நாளன்று காலையில் எடுத்துக்கொள்வதில்லை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வர். தைராய்டு மாத்திரையையும் பெரும்பாலான இரத்த அழுத்த மாத்திரைகளையும் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீருடன் விழுங்கச் சொல்வதுண்டு. இவை பொதுவான வழக்கங்கள் மட்டுமே. உங்களுக்குரியதை உங்கள் மருத்துவரே எழுதித் தர வேண்டும். நாட்டு மருந்து, சித்த மருந்து, லேகியம், உடல் இளைக்க எடுக்கும் ஊசி ஆகியவையும் மருந்துகளே. அவற்றையும் சொல்லுங்கள்.

மது, பீடி, சிகரெட், புகையிலை பற்றிய கேள்விகளுக்கு உறவினர் முன்னிலையில் உண்மை சொல்லத் தயங்குவோர் உண்டு. அவ்வாறெனில் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நாள்தோறும் குடிப்பவர் அறுவைக்காகத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். முன்பே தெரிந்தால் தடுக்கலாம். புகையை 4 வாரங்களுக்கு முன் நிறுத்தினால் நுரையீரலுக்கு நன்மை. ஒரே நாள் நிறுத்தினாலும் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு குறைகிறது.

வெறும் வயிறு: சிறு பொய்யும் பெருந்தீங்கு

நோயாளிகளும் உறவினர்களும் மிக எளிதாக மீறும் விதி இதுவே. ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

விழித்திருக்கும்போது உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் செல்ல முயன்றால் புரையேறுகிறது. உடனே இருமி வெளியேற்றிவிடுகிறோம். மயக்கத்தில் இந்தக் காவல் இருப்பதில்லை. இரைப்பையில் உள்ளது மேலேறித் தொண்டைக்கு வந்தால், தடையின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரைப்பையின் அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். திடமான உணவாயின் மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த மெண்டல்சன் என்னும் மகப்பேறு மருத்துவர், மயக்கத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் இவ்வாறு நேர்ந்ததை 1946ஆம் ஆண்டு விளக்கி எழுதினார். வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும் என்ற விதி உறுதிப்பட அதுவும் ஒரு காரணம்.

இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் கால அளவுகள் இவை. எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, பிரியாணி போன்ற கனமான உணவிற்குப்பின் 8 மணி நேரம். இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவிற்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தெளிந்த நீருக்கு 2 மணி நேரம்.

இங்கே பலர் தவறுவது காப்பியில். பால் கலந்த காப்பியும் தேநீரும் தண்ணீர்க் கணக்கில் சேரா. அவை பாலின் கணக்கு, 6 மணி நேரம். கஞ்சி, மோர், சத்துமாவுக் கரைசல், பழக்கூழ் ஆகியவையும் அவ்வாறே. காலை 8 மணி அறுவைக்கு, 5 மணிக்கு ‘ஒரு வாய்க் காப்பிதானே’ என்று குடித்துவிட்டு, நாள் தள்ளிப் போய்விடுமே என்று மறைப்பவர்கள் உள்ளனர். மறைத்தால் இழக்க நேர்வது உயிராகவும் இருக்கலாம். சொன்னால் சில மணி நேரமே தாமதமாகும்; எவரும் கடிந்துகொள்ளப் போவதில்லை. கோயில் தீர்த்தம் ஒரு மிடறு அருந்தியிருந்தாலும், வெற்றிலை மென்றிருந்தாலும், குழந்தை அழுகிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட்டைக் கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

மறுபுறம், தேவைக்கு மேல் பட்டினி கிடப்பதும் நல்லதன்று. முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவோர் உண்டு. ஏகாதசியோ புரட்டாசிச் சனிக்கிழமையோ விரதமிருந்து மறுநாள் அறுவைக்கு வருவோரும் உண்டு. உடலில் நீர் வற்றினால் இரத்த அழுத்தம் தாழும். குழந்தைகளுக்குச் சர்க்கரை அளவு குறையும். எனவே எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு, அதுவரை குடிப்பதே முறை. விபத்து, குடல்வால் அழற்சி போன்ற அவசர நிலைகளில் காத்திருக்க நேரம் இராது. அப்போது வயிறு நிறைந்திருப்பதாகவே கருதி, அதற்கான தனி முறையில் மயக்கம் கொடுப்பார்கள்.

மயக்கத்தின் வகைகள்

எல்லா அறுவைக்கும் முழு மயக்கம் தேவையில்லை. தையல் போடும் இடத்தில் மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்வது ஒரு முறை. கை எலும்பு முறிவெனில் கழுத்து அல்லது அக்குள் அருகே ஓடும் நரம்புகளை அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்து, அவற்றைச் சுற்றி மருந்து செலுத்திக் கை முழுவதையும் மரக்கச் செய்யலாம். குடலிறக்கம், கால் எலும்பு, கருப்பை, மகப்பேறு அறுவைகளுக்கு முதுகில் போடும் ஊசி பெரும்பாலும் போதுமானது. வயிற்றின் மேற்பகுதி, மார்பு, மூளை, லேப்ராஸ்கோபி ஆகியவற்றிற்கு முழு மயக்கம் தேவைப்படும்.

முழு மயக்கத்தில், கை நரம்பில் செலுத்தும் மருந்தால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்திற்குள் உணர்வு நீங்கும். அதன்பின் மூச்சுக்குழலில் குழாய் பொருத்தப்பட்டு, கருவியின் துணையோடு மூச்சு நடைபெறும். மயக்கம் தொடர்வதற்கான மருந்து ஆவியாகவோ நரம்பு வழியாகவோ தொடர்ந்து அளிக்கப்படும். அந்த அளிப்பை நிறுத்தினால்தான் நோயாளி விழிப்பார். ‘ஊசியின் வீரியம் தீர்ந்து பாதியில் விழித்துக்கொள்வேனோ’ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2014இல் வெளியான பிரிட்டன் நாடு தழுவிய ஆய்வொன்றில், இடையில் உணர்வு இருந்ததாகத் தாமே தெரிவித்தவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். அரிதானாலும், அவ்வாறு எதுவும் நினைவிருந்தால் கனவு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

முதுகு ஊசியும் மகப்பேறும்

2019–21ஆம் ஆண்டுகளுக்கான தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை வழியானவை. இந்த அளவு மிகுதியா, அதனைக் குறைப்பது எப்படி என்பது வேறொரு விவாதம். நம் மாநிலத்துப் பெண்களில் மிகப் பலர் மயக்கவியல் மருத்துவரை முதன்முதலாகச் சந்திப்பது பிரசவ அறையில்தான் என்பதை இந்த எண் காட்டுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் சீமாங் பிரிவுகளில் இரவும் பகலும் மயக்கவியல் மருத்துவர் தேவைப்படுவதற்கும் இதுவே காரணம்.

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், தண்டுவடம் முடிந்துவிட்ட இடத்திற்குக் கீழே மெல்லிய ஊசி செலுத்தப்படுகிறது. ஆகவே ஊசி தண்டுவடத்தைக் குத்திக் கால் விழுந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஊசி போடும் சில நிமிடங்கள் முதுகைப் பூனைபோல் வளைத்து அசையாமல் இருப்பதே தாய் செய்ய வேண்டியது. கால்கள் முதலில் வெதுவெதுப்பாகவும் பின்னர்க் கனமாகவும் தோன்றும். அறுவையின்போது தொடுவதும் இழுப்பதும் தெரியும். வலி தெரியாது. வலி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். பொறுமை காட்ட வேண்டிய இடம் அதுவன்று.

ஊசிக்குப்பின் இரத்த அழுத்தம் தாழ்ந்து குமட்டலோ நெஞ்சு படபடப்போ வரலாம். மல்லாந்து படுக்கையில் கருப்பையின் எடை பெரிய இரத்த நாளங்களை அழுத்துவதும் இதற்குத் துணைபுரியும். அதனால்தான் தாயை இடப்புறமாகச் சற்றே சாய்த்துப் படுக்கவைக்கின்றனர். அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் தயாராக இருக்கும்.

‘அந்த ஊசி போட்டதிலிருந்து எனக்கு இடுப்பு வலி’ என்று சொல்லாத குடும்பம் அரிது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருப்பது உண்மை. ஆனால் நெடுநாள் முதுகு வலி, ஊசி போடாமல் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் ஏறத்தாழ அதே அளவில் வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவுற்ற காலத்தில் தளர்ந்த மூட்டுகள், குழந்தையைத் தூக்கும் முறை, குனிந்து பாலூட்டுவது, ஓய்வின்மை ஆகியவையே பெரும்பாலும் காரணம். அதற்காக வலியைப் பொருட்படுத்த வேண்டா என்பதன்று. அதற்குரிய பயிற்சியும் மருத்துவமும் உண்டு.

ஊசியால் உண்மையாகவே வரக்கூடியது ஒருவகைத் தலைவலி. உட்கார்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே நீங்கும். தாங்க இயலாததெனில் மயக்கவியல் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். நோயாளியின் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்து முதுகில் செலுத்தி, கசிவை அடைக்கும் எளிய சிகிச்சை அவரிடம் உள்ளது.

பிறந்த குழந்தையின் நிறம், நாடித் துடிப்பு, அசைவு, தசை இறுக்கம், மூச்சு ஆகியவற்றிற்கு மதிப்பெண் இடும் அப்கார் முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். 1952இல் அதனை வகுத்த வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்கவியல் மருத்துவர்.

அரங்கினுள் என்ன நடக்கிறது

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1847ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இந்தியாவில் முதன்முதலாக ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1846 அக்டோபர் 16 அன்று ஈதர் மயக்கம் பொதுமக்கள் முன் செய்து காட்டப்பட்டதற்கும் இதற்கும் இடையே ஐந்து மாதங்களே. ஆனால் வலியை நீக்கியவுடன் வேறோர் உண்மை தெரியவந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிடங்களில் இறந்தாள். மயக்கம் கொடுப்பது எளிது, மயக்கத்தில் ஒருவரைக் காப்பது அரிது என்று மருத்துவ உலகம் உணரத் தொடங்கியது அக்காலத்தில்தான். அன்று நாடியைத் தொட்டும் உதட்டின் நிறத்தைப் பார்த்துமே காத்தனர்.

இன்று விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் பல வீடுகளிலும் பார்த்தோம். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட அம்முறை, அறுவை அரங்குகளில் அதற்கு நெடுநாள் முன்பே நிலைபெற்றுவிட்டது. ஒவ்வொரு துடிப்பிற்கும் அது எழுப்பும் ஒலி, ஆக்சிஜன் குறையும்போது சுருதி இறங்கும். மயக்கவியல் மருத்துவர் திரையைப் பாராமலே அந்த மாற்றத்தைச் செவியால் அறிவார். நகப்பூச்சு அக்கருவியின் கணிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதனை அகற்றச் சொல்கின்றனர். மூக்குத்தி, மெட்டி, வளையல், தாலிச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அறுவையில் பயன்படும் மின்கத்தியால் உலோகம் படும் இடத்தில் தீப்புண் ஏற்படலாம், கை வீங்கினால் வளையல் இறுக்கும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் அளவியோடு, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவி, இதய வரைபடம், குறைந்தது 5 நிமிடத்திற்கு ஒருமுறை அளக்கப்படும் இரத்த அழுத்தம் ஆகியவையும் உண்டு. இழக்கும் இரத்தத்தைக் கணக்கிட்டு நீரோ இரத்தமோ ஏற்றுவது, நெடுநேரம் ஒரே நிலையில் கிடக்கும் கை கால் நரம்புகள் அழுந்தாமல் மெத்தை வைப்பது, கண்கள் உலராமல் மூடி ஒட்டுவது, உடல் குளிராமல் போர்த்துவது ஆகிய சிறு பணிகளும் அவருடையவையே. அவற்றுள் ஒன்று தவறினாலும் நோயாளி பல நாள் துன்புறுவார்.

பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுவை, மருந்து ஒவ்வாமை உண்டா என்று ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், அது மறதியன்று. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, மயக்கத்திற்கு முன்னும், அறுக்கும் முன்னும், அரங்கை விட்டு வெளியேறும் முன்னும் அனைவரும் நின்று சரிபார்க்கின்றனர். புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களில் இதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவைக்குப்பின் நேரும் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே பத்தாவது முறை கேட்டாலும் முழுப்பெயரைச் சொல்லுங்கள்.

2011 டிசம்பரில் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது கடலூர் மாவட்டம். ‘பாதி அறுவையில் மின்சாரம் போனால்?’ என்று இங்குள்ளவர்கள் கேட்பது நியாயமே. மயக்கக் கருவிக்குத் தனி மின்கலமும், குழாய் வழி ஆக்சிஜன் நின்றால் பயன்படுத்த நிரப்பிய உருளையும் வைத்திருப்பது நடைமுறை. அனைத்தும் நின்றாலும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை ஒன்று மயக்கவியல் மருத்துவரின் கைக்கெட்டும் தொலைவில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு நாளும் முதல் நோயாளி வருமுன் இவற்றைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய கடமைகளுள் ஒன்று.

குழந்தைகளும் முதியோரும்

குழந்தைக்குச் சளி, காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். மூச்சுப் பாதை எளிதில் இறுகிக்கொள்ளும் என்பதால் சில வாரம் தள்ளிவைப்பது வழக்கம். ‘ஊசி போடமாட்டார்கள்’ என்று பொய் சொல்லி அழைத்து வருவதைவிட, ‘தூங்க வைப்பார்கள், எழுந்ததும் அம்மா அருகில் இருப்பேன்’ என்று சொல்வது குழந்தைக்கு நம்பிக்கை அளிக்கும்.

முதியோரில் சிலருக்கு அறுவைக்குப்பின் ஓரிரு நாள் மனக்குழப்பம் வரும். இடம் தெரியாமல் பேசுவார்கள், இரவில் எழுந்து போக முயல்வார்கள், குழாய்களைப் பிடுங்குவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதென்றோ மயக்க மருந்து அதிகமாகிவிட்டதென்றோ அஞ்ச வேண்டா. மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் திருப்பிக் கொடுப்பதும், பழகிய முகம் ஒன்று அருகில் இருப்பதும், பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிடைப்பதும் பெருமளவு உதவும். இங்கே உறவினரின் பங்கு மருந்துக்கு நிகரானது.

மயக்கம் தெளிந்த பின்

நடுக்கம், தொண்டைக் கரகரப்பு, குமட்டல், அரைத்தூக்கம் ஆகியவை பொதுவானவை. சில மணி நேரத்தில் குறையும். வலியை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்வர். ‘பரவாயில்லை’ என்று சொல்வது நம் பண்பாட்டில் மரியாதை. ஆனால் வலியால் ஆழ மூச்சு விடாமலும் இருமாமலும் கிடப்பவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரும்; நடக்காமல் கிடப்பவருக்குக் காலில் இரத்தம் உறையும். ஆகவே உள்ள எண்ணைச் சொல்லுங்கள். எப்போது தண்ணீர் கொடுக்கலாம் என்பதை மருத்துவரே கூறுவார். அதுவரை உறவினர் தாமாக எதையும் புகட்டக் கூடாது.

மயக்கத்திற்கெனத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். எவ்வகை மயக்கம், ஏன் அது, மாற்று வழி உண்டா, என் உடல்நிலையில் என்ன ஆபத்து என்று கேட்பது உங்கள் உரிமை. அரசு மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. மருந்து ஒவ்வாமையோ குழாய் செலுத்துவதில் கடினமோ நேர்ந்திருந்தால் அதனை வீடு திரும்பும் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கிப் பாதுகாத்து வையுங்கள். அடுத்த அறுவையின்போது மயக்கவியல் மருத்துவர் முதலில் தேடுவது அதுவாகவே இருக்கும்.

அன்றே வீடு திரும்புபவர்கள் 24 மணி நேரம் இருசக்கர வாகனம் ஓட்டுதல், மது அருந்துதல், பத்திரத்தில் கையொப்பமிடுதல், அடுப்பருகே தனியாக நிற்றல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அன்றிரவு ஒருவர் உடன் இருத்தல் வேண்டும். மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத உறக்கம், கால் மரப்பு நீங்காமை, சிறுநீர் பிரியாமை, முதுகு ஊசிக்குப்பின் காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அறுவை நடந்த மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். நிலை மோசமெனில் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.